வடசேரிச் சந்தையிலிருந்து கோட்டாறு வரை



"நாகர்கோவிலில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று நம்மைக் கேட்டவர் வெளியூர்க்காரர் அல்லர். நம் பங்கிலே பிறந்து வளர்ந்து, பதினான்கு ஆண்டுகளாக மஸ்கட்டில் பணிபுரிந்து, மே மாத விடுமுறைக்கு மனைவி மக்களுடன் வந்திருந்த ஓர் அன்பர். பிள்ளைகளுக்குக் குமரிமுனையைக் காட்டியாயிற்று. திற்பரப்பு அருவியில் குளித்தாயிற்று. பத்மநாபபுரம் அரண்மனையையும் மாத்தூர்த் தொட்டிப்பாலத்தையும் பார்த்தாயிற்று. இன்னும் நான்கு நாட்கள் மீதமிருந்தன. "டவுணுக்குள்ள ஒண்ணும் இல்லியே சாமி, துணிக்கடைதான்" என்றார்.

நமக்குச் சுருக்கென்றது. அவர்மேல் கோபத்தால் அன்று. அவர் கூறியது நம்மில் பலருடைய எண்ணந்தான் என்பதால். கலெக்டர் அலுவலகத்தில் ஒரு மனு, நீதிமன்றத்தில் ஒரு வாய்தா, மருத்துவமனையில் ஒரு பரிசோதனை, கல்யாணத்துக்குப் பட்டு. காரியம் முடிந்ததும் ஓடிப்போய்ப் பேருந்தில் இடம் பிடிக்கிறோம். குருவாகிய நாமே முப்பது ஆண்டுகளாக ஆயர் இல்லத்திற்குப் போவதும் வருவதுமாக இருக்கிறோமேயன்றி, அந்நகரின் தெருக்களில் காரணமின்றி நடந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆகவே ஒரு சனிக்கிழமை காலையில் அக்குடும்பத்தை நாமே அழைத்துச் செல்வது என்று முடிவாயிற்று. பையனுக்கு வயது பதின்மூன்று, தங்கைக்கு ஒன்பது. புறப்படும் நேரத்தில் அன்பரின் தாயார், எழுபத்தாறு வயது மூதாட்டி, கைப்பையுடன் வாசலில் வந்து நின்றார். வெயிலில் நடக்கவேண்டுமே என்று மகன் தடுத்தார். "எனக்க சந்தையாக்கும் அது. நீ எனக்கு வழி காட்டப் போறியோ?" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக ஏறி அமர்ந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தலையில் மீன் கடவம் சுமந்து வடசேரிக்குப் போய் வந்தவர் அவர். அன்று நமக்கு வழிகாட்டியாக அமைந்தவரும் அவரே.

வடசேரிப் பேருந்து நிலையத்தில் இறங்கினோம். அருகே கனகமூலம் சந்தை. காய்கறி மூட்டைகளும் வாழைக்குலைகளும் இறங்கிக்கொண்டிருந்தன. ஏத்தன், செந்துளுவன், பேயன், ரசகதலி, பாளையங்கோட்டான், மட்டி என்று குலைகளின் பெயர்களைப் பாட்டி சொல்லிக்கொண்டே போக, பேரப்பிள்ளைகள் திகைத்து நின்றனர். மஸ்கட்டில் வாழைப்பழம் ஒரே வகைதானாம். இவற்றுள் நம் மாவட்டத்து மட்டிப்பழத்துக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. தாய்ப்பாலுக்கு அடுத்தபடியாகக் குழந்தைகளுக்கு ஊட்டும் பழம் என்று நம் வீடுகளில் அதற்கு எப்போதோ குறியீடு கொடுத்துவிட்டோம்.

பாட்டி தம் தொழிலை விவரித்தார். விடியுமுன் கடற்கரையில் ஏலம். சாளையோ நெத்திலியோ அயிலையோ, கையிலிருக்கும் பணத்துக்கும் கடனுக்கும் ஏற்றபடி எடுத்து, சும்மாடு கூட்டி, கடவத்தைத் தலையில் ஏற்றி, முதல் வண்டியைப் பிடித்தால்தான் விலை கிடைக்கும். வெயில் ஏறிவிட்டால் மீனும் தாழும், விலையும் தாழும். பதினொரு மணிக்குள் விற்றுத் தீர்ந்தால் கோட்டாற்றுக்கு நடந்துபோய் அரிசி, மிளகாய், தேங்காயெண்ணெய் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது. தீராவிட்டால் தெருத்தெருவாக வாசலில் நின்று கூவுவது. கடலில் போராடும் ஆண்களைப் பற்றிப் பாட்டு உண்டு, கதை உண்டு. பிடித்த மீனைச் சோறாக மாற்றிய பெண்களைப் பற்றி நாம் பேசுவது குறைவு.

அப்பெண்கள் அமர்வதற்கு நகரில் இடம் உண்டா என்பது இன்றைக்கும் கேள்விதான். சாலையை அகலப்படுத்தும்போதும், வாகனங்களை நிறுத்த இடம் ஒதுக்கும்போதும், முதலில் எழுப்பப்படுகிறவர்கள் தரையில் கூடை வைத்து அமர்ந்திருப்பவர்களே. 2014-ஆம் ஆண்டில் நடுவண் அரசு சாலையோர வியாபாரிகளுக்கென ஒரு பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. அதன்படி ஒவ்வொரு நகரிலும் விற்பனைக் குழு ஒன்று அமைதல் வேண்டும். அதன் உறுப்பினர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருத்தல் வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருத்தல் வேண்டும். கணக்கெடுப்பில் பெயர் சேர்த்து விற்பனைச் சான்று பெற்றவரைக் காரணமின்றி எழுப்பிவிட இயலாது. நம் பங்குகளில் மீனும் காயும் பூவும் விற்கும் தாய்மார் இதனை அறிந்திருக்கிறார்களா? படித்த பிள்ளைகள் தங்கள் அம்மாவின் பெயர் அப்பட்டியலில் உள்ளதா என்று மாநகராட்சியிலோ நகராட்சியிலோ ஒருமுறை விசாரித்தல் நன்று. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் விற்றுவிட்டு ஊர் திரும்ப வந்த மூதாட்டி ஒருவர் நாற்றம் வீசுகிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்ட செய்தி நாடெங்கும் பரவியது. முதலமைச்சர் கண்டித்தார், பணியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். நம் பாட்டி அச்செய்தியைப் பற்றிக் கூறியது ஒரே வாக்கியம்: "அவ சத்தம் போட்டா, வெளிய தெரிஞ்சுது, நாங்க எறங்கி நடந்தோம்."

வடசேரியின் தெருக்களில் நெசவும் நகைத்தொழிலும் பழைமையானவை. பரத நாட்டியம் ஆடுவோர் அணியும் கோயில் நகைகள் இங்கே செய்யப்படுகின்றன. வெள்ளியில் சட்டம் அமைத்து, சிவப்புக் கெம்புக் கற்களைப் பதித்து, பொன் மெருகு ஏற்றும் வேலை. தலைச்சாமானிலிருந்து ஒட்டியாணம் வரை ஒவ்வொன்றும் கைவேலை. புவிசார் குறியீடு இதற்கும் உண்டு. ஒன்பது வயதுச் சிறுமி மஸ்கட்டில் பரதம் பயில்கிறாளாம். தலையில் சூடும் சூரியனும் சந்திரனும் தன் பாட்டி மீன் விற்ற தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் பிறப்பவை என்று அவளுக்கு எவரும் சொல்லவில்லை.

அங்கிருந்து மணிமேடைக்கு வந்தோம். நாகர்கோவிலுக்கு அடையாளம் கேட்டால் எவரும் சுட்டும் கோபுரம் அது. திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் இங்கு வந்தமையை ஒட்டிக் கட்டப்பட்டு, 1893-ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்டது. அதிலுள்ள கடிகாரத்தை வழங்கியவர் லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த டதி என்னும் குரு. இந்து மன்னருக்குப் புரோட்டஸ்தாந்து குருவானவர் கொடுத்த கடிகாரம், சந்தைக்கு வந்த எல்லாச் சாதி சமயத்தாருக்கும் நேரம் காட்டிற்று. "பாட்டரி எங்கே இருக்கிறது?" என்று பையன் கேட்டான். மேலே இழுத்துக் கட்டிய பளு கீழே இறங்கும் விசையால் ஓடும்படி அமைத்த கடிகாரம் என்று விளக்கியபோது அவன் முதன்முறையாகக் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தான். "எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா அந்த முள்ளு எங்க நிண்ணா எனக்க பஸ்ஸு போவும்னு தெரியும்" என்றார் பாட்டி.

மணிமேடைச் சந்திப்பிலே கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் சிலை நிற்கிறது. அவர் 1908-இல் பிறந்த ஒழுகினசேரி இங்கிருந்து கூப்பிடு தூரமே. ஈட்டியதை எல்லாம் இல்லாதவர்க்கு வாரிக் கொடுத்து 1957-இல் மறைந்த அம்மனிதரை இன்றைய பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்வது எளிதாக இல்லை. பழைய படத்தின் ஒரு காட்சியைக் கைப்பேசியில் காட்டிய பிறகே பையன் சிரித்தான். கைப்பேசியைச் சற்று முன் நாம் பழித்ததை மன்னிக்க.

இவ்வூருக்குப் பெயர் தந்த நாகராஜர் கோயில் அருகே உள்ளது. கருவறைக்கு இன்றும் ஓலைக் கூரை. ஆண்டுதோறும் புதிதாக வேய்கின்றனர். அங்குள்ள ஈர மண்ணே பிரசாதம். ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் பாலும் மஞ்சளும் கொண்டு வருவோர் கூட்டம் தெருவரை நீளும். நாம் அக்குடும்பத்துக்குக் காட்ட விரும்பியவை தூண்கள். அவற்றிலே பார்சுவநாதர், மகாவீரர் ஆகிய சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூதலவீர உதயமார்த்தாண்டவர்மா என்னும் வேணாட்டு மன்னர் காலத்திலும், குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்னும் சமணப் பெரியோர் இக்கோயிலோடு தொடர்பு கொண்டிருந்ததைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. சமணம் இங்கு மறைந்தது. ஆனால் அதன் உருவங்களை எவரும் உடைத்தெறியவில்லை; மாலை சாத்தும் இடத்திலேயே வைத்திருக்கின்றனர். குருமடத்தில் நாம் கிரேக்க நாட்டு வரலாறும் உரோமை நாட்டு வரலாறும் மனப்பாடமாக ஒப்பித்தோம். ஏழு கல் தொலைவில் இருந்த இத்தூண்களைப் பற்றிக் கேட்டவர் இல்லை.

வேப்பமூட்டுக்கு வரும்போது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. பூங்காவின் நிழலில் அமர்ந்து ரசவடையும் தேநீரும் அருந்தினோம். நம் ஊர் ரசவடையை எப்படிச் செய்கிறார்கள் என்று மருமகள் கடைக்காரரிடம் கேட்க, அவர் செய்முறையில் பாதியைச் சொல்லி மீதியைச் சிரிப்பிலே மறைத்துவிட்டார். தேங்காயெண்ணெயில் ஏத்தங்காய்ச் சீவல் பொரிக்கும் மணம் காற்றில் வந்தது. மார்ஷல் நேசமணியின் மணிமண்டபம் இங்கே இருக்கிறது. 1956 நவம்பர் முதல் நாள் நம் மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்ததில் அவர் பங்கு பெரிது. அதை அன்பர் தம் மகனுக்குத் தாமே சொல்லிக்கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் படித்தது மறக்கவில்லை. நகரின் நடுவே உள்ள கஸ்பா சபைப் பேராலயத்தையும், அதற்கு அடிகோலிய மீட் ஐயரின் பெயர் தாங்கிய தெருவையும் சுட்டிக் காட்டினோம். மால்ட் ஐயரின் துணைவியார் நாகர்கோவில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த ரேந்தைப் பின்னல், எத்தனையோ ஏழைப் பெண்களின் கையில் முதன்முதலாகச் சொந்தக் காசைக் கொடுத்தது.

செட்டிகுளம் வழியாகக் கோட்டாற்றுக்கு நடந்தோம். நாகர்கோவில் என்னும் பெயர் பரவுவதற்கு நெடுங்காலம் முன்பே கோட்டாறு பேரூர். கிறிஸ்து பிறந்தபின் இரண்டாம் நூற்றாண்டில் தாலமி என்னும் கிரேக்கர் எழுதிய நூலில் குறிக்கப்படும் கொட்டியாரா இதுவே என்பர். முதற் குலோத்துங்க சோழன் இங்கே நிலைப்படை நிறுத்தினான். சோழர் இதற்கு மும்முடிச்சோழநல்லூர் என்று பெயரும் இட்டனர். படைகள் வந்தன, போயின, பெயர்கள் மாறின, சந்தை மட்டும் மாறவில்லை. அதன் கடைத்தெருவை மக்கள் இன்றும் கம்போளம் என்றே அழைக்கின்றனர். திருவிதாங்கூர் ஆட்சிக்காலம் நம் பேச்சில் விட்டுச்சென்ற மலையாளச் சொற்களுள் அதுவும் ஒன்று. சக்கரத்திலும் காசிலும் கணக்குப் பார்த்த முதியோரை நாமே சிறுவயதில் கண்டதுண்டு. இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு ரூபாய். பதினாறு காசு ஒரு சக்கரம். பையனால் அதைப் பத்தின் மடங்குகளில் அடக்க முடியவில்லை.

கம்போளத்தில் ஒரு பலசரக்குக் கடைமுன் பாட்டி நின்றுவிட்டார். உள்ளே அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் நெற்றியில் திருநீற்றுடன் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, சற்று யோசித்து, "சாளைக்காரம்மா அல்லவா?" என்று எழுந்தார். நாற்காலி வந்தது, கருப்பட்டிக் காப்பி வந்தது. அங்கே அமர்ந்துதான், தம் மகனே அதுவரை கேட்டிராத ஒரு நிகழ்ச்சியை அந்தத் தாய் சொன்னார்.

1982-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் மண்டைக்காட்டில் நிகழ்ந்தது நம் வாசகர்களில் மூத்தோர் அறிந்ததே. துப்பாக்கிச் சூட்டில் ஆறு உயிர்கள் போயின. அதன்பின் கலவரம் ஊர் ஊராகப் பரவிற்று. வீடுகள் எரிந்தன. கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே பாதைகள் இருந்தும் நடக்க ஆளில்லாமற் போயிற்று. குன்றக்குடி அடிகளார் போன்ற பெரியோர் வந்து இரு சாராரிடையேயும் அமைதிக்காக உழைத்தனர். நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. யார் பக்கம் எவ்வளவு குற்றம் என்று அளந்து பார்ப்பது இப்பக்கத்தின் வேலையன்று.

அந்நாட்களில் பாட்டிக்கு இக்கடையில் எண்பத்து நான்கு ரூபாய் கடன் இருந்தது. ஆறு வாரங்கள் அவர் கடவத்தை எடுக்கவில்லை. பாஸ்காத் திருவிழா கழிந்த வாரத்தில், வீட்டில் அரிசி அடியோடு தீர்ந்த பின்னர், துணிந்து நகருக்கு வந்தார். முதலில் நுழைந்த வேறொரு கடையில், உனக்கு இங்கே அரிசி இல்லை என்றார்களாம். பிறகு இந்தக் கடைக்கு எதிர்ப்புறத்தில் வந்து, உள்ளே போக அஞ்சி, வெகுநேரம் நின்றிருக்கிறார். கடைக்காரர், இன்றைக்கு இருப்பவரின் தந்தை, பார்த்துவிட்டார். எழுந்து தெருவுக்கே வந்து, "ஆறு வாரமா எங்க போனே? வீட்டுல சாளை இல்லாம சோறு எறங்கல" என்று சத்தம் போட்டாராம். நான்கு பக்கா அரிசி அளந்து கொடுத்தார். கடனைப் பற்றி இவர் பேச்செடுத்ததும், "அது நோட்டுல கெடக்கு, ஓடிப் போவாது" என்றாராம்.

"ஊருல வந்து சொன்னேன் சாமி. அரிசிய பாத்துட்டு நம்ம ஆளுவளும் ஏசுனாங்க. அவன் கடையில ஏன் வாங்கினேன்னு கேட்டாங்க. பிள்ளைக்கு பசிக்குதுன்னு சொன்னேன்." பசித்த பிள்ளை, மஸ்கட் அன்பர், அப்போது இரண்டு வயதுக் குழந்தை.

நாம் அவ்வாண்டில் பள்ளிச் சிறுவர். அந்தக் கடைகளுக்குப் போகாதே என்று நம் வீட்டிலும் சொன்னார்கள். நாமும் போகவில்லை. பள்ளியில் நம்முடன் ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்த ஒரு நண்பனிடம் அவ்வாண்டு முழுவதும் நாம் பேசவில்லை. அவன் தந்தைக்கும் ஒரு சிறு கடை இருந்தது. அடுத்த ஆண்டு அவன் வேறு பள்ளிக்குப் போய்விட்டான். அப்பெண்மணி தலைச்சுமையுடன் கடந்த தெருவை, நூல் பல கற்று மறையுரை ஆயிரம் ஆற்றிய பின்பும் நாம் கடந்தோமா என்று அந்தக் கடையில் அமர்ந்திருந்தபோது எண்ணிக்கொண்டோம்.

கடைக்காரர் தம் தந்தையின் படத்தைக் காட்டினார். வியாபாரம் எப்படி என்று கேட்டோம். பெரிய அங்காடிகள் வந்தபின் பாதியாகிவிட்டதாம். கைப்பேசியில் அழுத்தினால் பருப்பும் புளியும் வீட்டு வாசலுக்கே வருகின்றனவாம். கடன் நோட்டு இன்னமும் இருக்கிறதா என்றார் அன்பர். இருக்கிறது, பெயர்கள்தாம் குறைந்துவிட்டன என்று பதில் வந்தது. சௌகரியத்தை வேண்டாம் என்று நாம் சொல்லப்போவதில்லை. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அது பேருதவி. ஆயினும் ஆறு வாரம் ஆளைக் காணோமே என்று தெருவில் இறங்கி வந்து கேட்பதற்கு அந்த ஏற்பாட்டில் ஆள் இல்லை.

புனித சவேரியார் பேராலயம் அங்கிருந்து சிறு நடை. 1544-ஆம் ஆண்டளவில் சவேரியார் நடந்த ஊர் இது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியரான புச்சேரியோ என்னும் சேசு சபைக் குரு இங்கே ஆலயம் எழுப்பினார். 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் உடல் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டது. 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளராகவும், 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராகவும் அவர் உயர்த்தப்பட்டார். இவை நம் குடும்பங்கள் அறிந்தவை, ஆதலால் விரித்துரைக்கவில்லை. டிசம்பர் திருவிழாத் தேரின்போது உப்பும் மிளகும் கொண்டு நிற்போரில் எத்தனை பேர் நம் மறையைச் சாராதவர் என்பதை மட்டும், அடுத்த முறை கூட்டத்தில் நிற்கும்போது கவனித்துப் பாருங்கள். அந்தப் பலசரக்குக் கடைக்காரர் ஆண்டு தவறியதில்லை என்று பாட்டி கூறினார். கல்லறை அருகே அவர் வெகுநேரம் முழந்தாளிட்டிருந்தார். மகன் அவர் பின்னே நின்றார்.

மாலையில் பேருந்து நிலையத்துக்குத் திரும்பியபோது பாட்டி மறுபடியும் சந்தைக்குள் நுழைந்துவிட்டார். ஒரு சீப்பு மட்டிப்பழத்துக்குக் கடைக்காரியிடம் ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி அவர் நிகழ்த்திய வழக்காட்டு பத்து நிமிடம் நீடித்தது. குறைத்த ஐந்து ரூபாயைக் கடைக்காரியின் பேத்தி கையில் திணித்துவிட்டு வெளியே வந்தார். அதற்குள் எங்கள் பேருந்து போய்விட்டது. அடுத்ததற்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. பையன் மூன்றாவது பழத்தை உரித்துக்கொண்டே, கோட்டாற்றுக்கு அப்பால் அந்தத் தெரு எங்கே போகிறது என்று கேட்டான். இடலாக்குடிக்குப் போகிறது என்றோம். ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கவனம் வைத்துச் சதாவதானம் செய்த செய்குத்தம்பிப் பாவலர் பிறந்த ஊர் என்றோம். அப்படியானால் திங்கட்கிழமை போகலாமா என்றான். திங்கட்கிழமை நமக்குக் கல்லறைத் தோட்டத்துச் சுவர் வேலை இருந்தது. பாட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.